யானையும் சைவம்தான்

இந்த ஊரில் சைவக் கடையில் மீன் விற்கிறார்கள். மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து ஸ்கூடாயில் எங்கள் குடியிருப்புக்கு எதிரே இருக்கிற சீனச் சைவக் கடையைத்தான் சொல்கிறேன். சோயாவையும் கோதுமைப் பசையையும் பிசைந்து, மேலே கடற்பாசித் தாளைத் தோல் மாதிரி ஒட்டி, அசல் மீன் துண்டு போலவே பொரித்து அடுக்கியிருப்பார்கள். பக்கத்துத் தட்டில் இறால். அதற்குச் சிவப்புக் கோடுகூடப் போட்டிருக்கும். அதற்கடுத்து ஆட்டுக்கறி, நார் நாராகப் பிய்யும். முதல்முறை உள்ளே போனவள், தவறான கடைக்குள் நுழைந்துவிட்டோம் என்று வெளியே வந்து பெயர்ப்பலகையைப் பார்த்தேன். பலகையில் தாமரைப் பூ இருந்தது. கடைக்கார அம்மா கையை ஆட்டிக் கூப்பிட்டு, "சாயோர், சாயோர். செமுவா சாயோர்" என்றார். காய்கறி, எல்லாமே காய்கறி என்று அர்த்தம்.

எனக்கு அருப்புக்கோட்டைப் பக்கம். வெள்ளிக்கிழமை, அமாவாசை, புரட்டாசி மாதம் தவிர மற்ற நாளில் கிடைத்தால் கறி, மீன் எல்லாம் சாப்பிடுகிற குடும்பம். ஆனால் சைவம் என்று முடிவு செய்துவிட்ட நாளில் கறியை நினைவுபடுத்துகிற மாதிரி ஒரு பண்டம் செய்வது எங்களுக்குத் தோன்றவே தோன்றாத காரியம். விரத நாளில் மீன் வாசம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வோம். இங்கே அதைக் காசு கொடுத்து வாங்குகிறோம். அப்படிப்பட்ட கடைக்கு நான் வாரம் தவறாத வாடிக்கைக்காரி ஆனதற்குக் காரணம், என் கணவரின் வலது கால் பெருவிரல்.

என் கணவர் சேகர் ஜொகூரிலேயே பிறந்து வளர்ந்தவர். குளுவாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. ரப்பர் மரத்தை இங்கே பால்மரம் என்பார்கள். இப்போது தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறார். நான் கல்யாணமாகி இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். தையல்காரி என்பதால் அவர் பெருத்த கதை எனக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். தீபாவளிக்குத் தீபாவளி அவருடைய கால்சட்டைகளின் இடுப்பைப் பிரித்து, உள்ளே மடித்துவிட்டிருந்த துணியை இழுத்துத் தைப்பேன். ஒரு வருடம் உள்ளே துணி தீர்ந்துபோய், பின்பக்கம் வேறு துணியில் ஒட்டுப்போட்டேன். அது எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. குளுவாங்கில் இருக்கும் அவருடைய அக்கா பத்மா, அம்மா இல்லாத தம்பியைத் தன் கையால் வளர்த்தவர், அந்தத் தொப்பையைத் தட்டிப் பார்த்து, "ஊர்க்காரி நல்லாத்தான் கவனிக்கிறா" என்பார். இந்தியாவிலிருந்து வந்தவர்களை இங்கே ஊர்க்காரன், ஊர்க்காரி என்றுதான் சொல்வார்கள். இந்தக் குடும்பத்தில் எனக்குக் குடியுரிமை வாங்கிக் கொடுத்ததே அந்தத் தொப்பைதான். அவரை நான் எங்கள் ஊர் வழக்கப்படி முதலில் மதினி என்று கூப்பிட்டேன். அந்தச் சொல் இங்கே யாருக்கும் தெரியவில்லை. அதனால் எனக்கும் அவர் அக்காவாகவே ஆகிவிட்டார்.

பெருவிரல் விஷயத்துக்கு வருகிறேன். புதுக் காலணி கடித்துப் புண்ணாகியிருக்கிறது, அவருக்குத் தெரியவே இல்லை. வலி இல்லை. துவைக்கப் போட்ட காலுறையில் ரத்தத்தைப் பார்த்து நான்தான் கேட்டேன். சர்க்கரைக்கு அவர் மாத்திரை வாங்கிக்கொண்டுதான் இருந்தார். நினைத்தால் போடுவார், மறந்தால் விடுவார். அரசாங்க கிளினிக்கில் இளவயது சீனப் பெண் மருத்துவர் ரத்தப் பரிசோதனைத் தாளையும் காலையும் மாறி மாறிப் பார்த்தார். எடை குறைய வேண்டும், மாத்திரையை ஒழுங்காகப் போட வேண்டும், சாப்பாட்டில் காய்கறி, கீரை, பயறு, தோஃபு மாதிரி செடியிலிருந்து வருபவைதான் அதிகம் இருக்க வேண்டும், சோறு குறைய வேண்டும் என்றார். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்போம், அப்போதும் சர்க்கரை இறங்கவில்லை என்றால் இன்சுலின் ஆரம்பிக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்த மனிதர், அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டதும் அசையாமல் உட்கார்ந்துவிட்டார்.

காரில் ஏறியதும், "ஊசின்னா எங்கம்மா கததான், செல்வி" என்றார். அவருடைய அம்மாவுக்கும் இதே நோய். இங்கே இனிப்பு நீர் என்பார்கள். அவர் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தோட்டத்து மருத்துவமனை ஆள் வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். சில வாரத்தில் அம்மாவின் காலை எடுத்தார்கள். அந்த வருடமே அம்மா போய்விட்டார். ஊசி, கால், சாவு என்று அந்த வரிசை அவர் மனதில் பதிந்துவிட்டது. "அக்காகிட்ட மட்டும் சொல்லிடாத. அது ஒடஞ்சி போயிடும்" என்று சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எனக்குப் பயமாக இருந்தது. அவருடைய ஒரு விரலை நம்பித்தான் எங்கள் வீடு ஓடுகிறது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. பேருந்தின் பிரேக்கை அழுத்துகிற கால் அது.

மருத்துவர் சொன்னதில் நான் பிடித்துக்கொண்டது செடி, காய்கறி என்ற பாதியைத்தான். இதில் என்ன இருக்கிறது, நமக்குத் தெரியாத சைவமா என்று தோன்றிவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் கறி, மீன், முட்டை நிறுத்தம். கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி சமைத்தேன். சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், பருப்பு வடை, தேங்காய்ப்பால் குழம்பு, அப்பளம், வெள்ளிக்கிழமையானால் பாயசம். கறி இல்லாத ஏக்கம் தெரியக் கூடாதென்று சீனக் கடை ஆட்டுக்கறியை எடுத்து என் மசாலாவில் பிரட்டி வைப்பேன். சோற்றைக் குறைக்கச் சொன்னது நினைவிருந்தது. ஆனால் கறியையும் விட்டுவிட்ட மனிதனுக்குச் சோற்றையும் குறைப்பதா என்று இரக்கப்பட்டு ஒரு கரண்டி கூடவே போட்டேன். வேலைக்குப் போகிற வழியில் அவர் குடிக்கிற இனிப்பான கெட்டிப்பால் தேநீரும் சைவம்தானே. இருவரும் ஒழுக்கமாக இருக்கிறோம் என்ற நிறைவோடு தூங்கினோம்.

இதற்கிடையில் இன்னொன்று நடந்தது. இந்த நாட்டுத் தமிழர்களிடம், "உடம்புக்கு ஆவாது, கறி வேணாம்" என்று சொல்லிப் பாருங்கள், விடவே மாட்டார்கள். "ஒரு துண்டு சாப்ட்டா ஒண்ணும் ஆவாது லா" என்று தட்டில் வைத்துவிட்டுத்தான் அடுத்த ஆளிடம் போவார்கள். அவர்களிடமே "விரதம்" என்று ஒரு சொல் சொன்னால் நீட்டிய கரண்டி பின்வாங்கிவிடும். என் கணவர் விரதம் என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு பிறந்தநாள் வீட்டில் "சைவம்" என்று மட்டும் சொன்னார். தைப்பூசத்துக்கு இரண்டு மூன்று மாதம் இருந்த நேரம். கேட்டவர்கள் தாங்களே மீதியை நிரப்பிக்கொண்டார்கள். செய்தி குளுவாங்குக்குப் போய், அக்கா தொலைபேசியில் வந்தார். "செல்வி, தம்பி தைப்பூசத்துக்கு வெரதமா? கோயில் பக்கமே வராதவன், எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரு!" என்றார். அத்தனை சந்தோஷம். நான் இவரைப் பார்த்தேன். இவர் சொல்லாதே என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் "ம்" என்றேன்.

அடுத்த முறை கிளினிக்குக்குக் கட்டு மாற்றப் போனபோது, உணவு ஆலோசனை சொல்கிற மலாய்க்காரப் பெண்ணிடம் எங்களை அனுப்பினார்கள். எடை பார்த்தார். ஏறியிருந்தது. என் மலாய் சந்தை மலாய். கத்தரிக்காய் வாங்கப் போதும், கணவரின் நோயைப் பேசப் போதாது. தினம் என்ன சாப்பாடு என்று அவர் கேட்டதும், நான் கைப்பேசியை எடுத்து நீட்டினேன். அருப்புக்கோட்டையில் இருக்கும் அண்ணன் மனைவிக்கு அனுப்புவதற்காகச் சமையலைப் படம் பிடித்து வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அந்தப் பெண் படத்தைப் பெரிதாக்கி, "சாயோர் மானா, புவான்?" என்றார். காய்கறி எங்கேம்மா என்று கேட்கிறார். எனக்குச் சுருக்கென்றது. உருளைக்கிழங்கைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டி, "இனி நாசி" என்றார். இது சோறு. வடையைக் காட்டினேன், எண்ணெய் என்றார். அப்பளத்தைக் காட்டினேன். அதுவும் எண்ணெயாம். சோயா ஆட்டுக்கறியைக் காட்டினேன். உப்பும் மாவும் என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "காமி தா மாக்கான் டாகிங், புவான்! செமுவா சாயோர்!" என்றேன். நாங்கள் கறி சாப்பிடுவதில்லை, எல்லாம் சைவம் என்று. சீனக் கடை அம்மா என்னிடம் சொன்னதை அப்படியே இந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் சிரிக்காமல், என் கையைத் தொட்டு, "காஜா புன் மாக்கான் சாயோர், புவான்" என்றார். யானையும் சைவம்தான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நூறு கிலோவுக்கு மேற்பட்ட மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் வீட்டுக்கு வந்துதான். அங்கே முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பெண் ஒரு தாளில் வட்டம் போட்டு, "சுக்கு, சுக்கு, செபாரோ" என்றார். சுக்கு என்றதும் கஷாயம் போலிருக்கிறது என்று நான் பலமாகத் தலையாட்டினேன். தட்டைப் பிரித்துக் காட்டிய பிறகுதான் விளங்கியது. மலாயில் சுக்கு என்றால் கால் பங்கு, செபாரோ என்றால் பாதி. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு பயறோ தோஃபுவோ, மீதிப் பாதி முழுவதும் காயும் கீரையும். கறியை விட்டால் போதும் என்று நாங்கள் நினைத்ததெல்லாம் சாமிக்குச் சரி. சர்க்கரை அதைக் கண்டுகொள்ளவில்லை. காலங்காலமாகச் சைவத்தைத் தட்டில் என்ன இல்லை என்பதை வைத்தே அளந்து பழகியவள் நான். என்ன இருக்கிறது என்று யாரும் என்னைக் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பொந்தியான் பக்கத்திலிருந்து வரும் ஒரு மலாய் அம்மா கீரை விற்பார். அவரிடம் கட்டுக்கட்டாகக் கிடந்ததில் வல்லாரையை அடையாளம் கண்டேன். மற்றவை எனக்குப் பெயர் தெரியாதவை. எப்படிச் சமைப்பது என்று கேட்டேன். "மாக்கான் சாஜா" என்றார். சும்மா சாப்பிடு. சமைக்காமலா என்று இரண்டாவது முறை கேட்டேன். நான் தொட்டுக்கொள்ள ஏதோ கேட்கிறேன் என்று நினைத்து, அவர் அன்பாக ஒரு பொட்டலம் மிளகாய்ச் சம்பலைச் சும்மாவே தூக்கிக் கொடுத்தார். அதில் இறால் விழுது இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். பச்சை இலையை அப்படியே மெல்வது ஆட்டு வேலை என்றுதான் எங்கள் ஊரில் நினைப்போம். இப்போது எலுமிச்சையும் உப்பும் சேர்த்து ஒரு கிண்ணம் நாங்கள் மெல்லாத நாள் இல்லை. அப்புறம் தெம்பே. அவித்த சோயாவைப் புளிக்க வைத்து, வெள்ளைப் பூஞ்சை படர்ந்து கட்டியாவது. "அலமாக், பூசணம் புடிச்ச பருப்ப சாப்டச் சொல்றியா?" என்றார் இவர். கறிக்கு அரைக்கிற மசாலாவையே அரைத்து, எண்ணெயைக் குறைத்துப் பிரட்டி வைத்தேன். சாப்பிட்டுவிட்டு இன்னும் இரண்டு துண்டு கேட்டார்.

கஷ்டம் தெம்பேயில் இல்லை, சோற்றில்தான் இருந்தது. அவர் வளர்ந்த தோட்டத்தில் சம்பளம் முடிந்த வாரங்களில் மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. சோறு குவிந்திருந்தால் வீடு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் கரிசல் காட்டில் குதிரைவாலிச் சோறும் கம்பங்கூழும். என்றைக்கு நாங்கள் தினமும் நெல்லுச்சோறு தின்ன ஆரம்பித்தோமோ அன்றைக்கு என் அப்பா தெருவில் நிமிர்ந்து நடந்தார். எனக்குக் குதிரைவாலி பிடிக்காது. அதை நினைத்து நான் ஏங்கியதே கிடையாது. ஆக, கடல் தாண்டி இரண்டு இடத்தில் வளர்ந்த இரண்டு பேரும் சோற்றைக் குவித்துச் சாப்பிட வேண்டும் என்ற ஒரே ஆசையோடு வளர்ந்தவர்கள். கால் பங்கு சோறு வைத்த தட்டை அவர் முன்னால் வைக்கும்போது அவரை அவமதிப்பது போல எனக்குக் கை கூசியது. ஜொகூர் பாருவில் ஒரு கடையில் அதே குதிரைவாலியைக் கண்ணாடிப் பையில் போட்டு நாடா கட்டி வைத்திருந்தார்கள். கடைப் பெண், "ரொம்ப ஹெல்தி ஆன்ட்டி, எப்பிடிச் சமைக்கணும்னு பின்னால போட்டிருக்கு" என்றாள். நன்றி சொல்லி வாங்கி வந்தேன். அதுவும் கால் பங்குதான்.

இடுப்பு இறங்கியது. ஒட்டுப்போட்ட துணியை முதலில் பிரித்தேன், பிறகு தையலை உள்ளே தள்ளினேன். தீபாவளிக்கு விரிக்கிற வேலை போய், பொங்கலுக்குச் சுருக்குகிற வேலை வந்தது. அவர் இளைத்த பெருமை முழுவதும் முருகனுக்குப் போனது. "வெரதம் இருந்தா மொகத்துல ஒரு களை வருது பாரு" என்று பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள். நாங்களும் கேட்டுக்கொண்டோம். புண் மட்டும் ஆறவில்லை.

மூன்று மாத முடிவில் மருத்துவர் புதிய தாளைப் பார்த்து முகம் மலர்ந்தார். எடை குறைந்திருக்கிறது, சர்க்கரையும் இறங்கியிருக்கிறது, இதே சாப்பாட்டை விடாதீர்கள் என்றார். பிறகு கட்டைப் பிரித்துப் பார்த்தார். புண் ஆழமாகியிருந்தது. இவ்வளவு இறங்கினால் போதாது, புண் ஆற வேண்டுமானால் இன்னும் இறங்க வேண்டும், அதற்கு இப்போது இன்சுலின்தான் வழி, ஆறிய பிறகு குறைக்கலாம், நிறுத்தவும் முடியலாம் என்று பொறுமையாகச் சொன்னார். வெறுங்காலோடு வீட்டுக்குள்கூட நடக்கக் கூடாது என்றார். அடுத்த திங்கட்கிழமை வரச் சொன்னார். அதற்கு முந்தின நாள் தைப்பூசம்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவர், "மூணு மாசம் புல்லத் தின்னேனே, இதுக்கா?" என்றார். நான் மருத்துவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். "ஊசி போட மாட்டேன். எல்லாரும் வெரதம்னு சொல்றாங்கல்ல? வெரதமாவே இருக்கட்டும். பால்குடம் எடுக்கறேன். முருகன் பாத்துக்குவான்" என்றார். நான் கெஞ்சினேன், கத்தினேன், இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். அவர் அக்காவைக் கூப்பிட்டுக் கோயிலில் பெயர் பதியச் சொல்லிவிட்டார். பால்குடம் எடுப்பவர்கள் தார்ச்சாலையில் வெறுங்காலோடுதான் நடப்பார்கள்.

தைப்பூசத்தன்று காலை குளுவாங்கில் அக்கா வீட்டுக் கூடத்தில் குடம் தயாராக இருந்தது. வாயில் மஞ்சள் துணி கட்டி, கழுத்தில் பூச்சரம் சுற்றி வைத்திருந்தார். மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு வந்த இவர், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காலணியைக் கழற்றினார். காலுறையைக் கழற்றினார். பிறகு கட்டையும் பிரிக்க ஆரம்பித்தார். விரல் தெரிந்தது. அவரிடம் கொடுத்த வாக்கு, அக்கா மனம் உடையும் என்ற பேச்சு எல்லாம் என்னை விட்டுப் போய்விட்டது.

"அக்கா, இவரு நடக்கக் கூடாது" என்றேன்.

"செல்வி, சும்மா இரு" என்றார் இவர்.

"இது வெரதமே இல்லக்கா. இவருக்கு இனிப்பு நீர். கால்ல புண்ணு ஆறல. ஊசி போடணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க, இவரு மாட்டேங்கறாரு. இந்தக் காலோட ரோட்ல நடந்தா கால் போயிடும்."

அக்கா கையிலிருந்த பூவைத் தட்டில் வைத்தார். வந்து தரையில் உட்கார்ந்து, தம்பியின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்து விரலைத் திருப்பிப் பார்த்தார். நான் எதிர்பார்த்தது அழுகை. வந்தது வேறு.

"அம்மா மாதிரியே ஒளிச்சு வச்சிருக்கே" என்றார்.

"ஊசி போட்டுத்தானேக்கா அம்மா போனாங்க?" என்றார் இவர். இருபது வருடத்தில் நான் கேட்டிராத சிறுபிள்ளைக் குரல்.

"யாரு சொன்னா ஒனக்கு? அம்மா ஊசி வேணாம் வேணாம்னு ரெண்டு வருசம் ஆஸ்பத்திரி பக்கமே போவல. பால்மரம் வெட்டப் போன எடத்துல முள்ளு குத்துச்சு. துணியச் சுத்திக்கிட்டு வேலைக்குப் போனாங்க. கால் கறுத்து நாத்தம் அடிச்சப்பறந்தான் அப்பா லோரியில ஏத்திக்கிட்டுப் போனாரு. ஊசி போட்டது அதுக்கும் பொறவு. நீ ஸ்கூல்லேர்ந்து வந்து அததான் பாத்தே. முன்னால நடந்தது ஒனக்குத் தெரியாது."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ சின்னப் புள்ளடா. என்னான்னு சொல்றது?" என்ற அக்கா, அப்போதுதான் அழுதார். மடியிலிருந்த காலை விடாமல் அழுதார்.

அவர் பிரித்த கட்டைத் தானே மறுபடி சுற்றத் தொடங்கினார். "நாளைக்கிப் போறேன்" என்றார். போனார். அந்த ஊசி, கொசு கடிக்கிற அளவுதான் என்று வந்து சொன்னார். புண் ஆற நாளாயிற்று, ஆனால் ஆறிவிட்டது. விரல் விரலாகவே இருக்கிறது. ஊசியின் அளவை இரண்டு முறை குறைத்திருக்கிறார்கள். கீரையும் தெம்பேயும் கால் பங்குச் சோறும் தொடர்கின்றன. கறி அவ்வப்போது நினைவுக்கு வருகிறது, வந்துவிட்டுப் போகிறது. ஆனால் இதெல்லாம் பிறகு நடந்தவை. அன்று காலை அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டதும் கேட்ட கேள்வி வேறு.

"பேர் பதிஞ்சாச்சு. கொடம் போயித்தான் ஆவணும். எனக்கு முட்டி தாங்காது. செல்வி, நீ கறி சாப்ட்டியா?"

யோசித்துப் பார்த்தேன். சமைத்ததைத்தான் நானும் சாப்பிட்டேன். மூன்று மாதமாக என் வாயில் கறி, மீன், முட்டை எதுவும் படவில்லை. இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் சுவரைப் பார்த்தார். பேருந்து நிறுத்துமிடத்தில் அவர் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, வாங்கினால் அதில் பாதி முட்டை இருக்கும், அதை யார் எடுத்து எறிவது? கணக்குப் பார்த்தால் எங்கள் வீட்டில் விரதம் இருந்தது நான் ஒருத்திதான். அக்கா உள்ளே போய்த் தன்னுடைய மஞ்சள் சேலையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

தலையில் குடத்தோடு நடந்தேன். முன்னாலும் பின்னாலும் மஞ்சள் கூட்டம், உறுமிச் சத்தம், வேல் வேல் என்ற கோஷம். வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம் என்றார்கள், ஏறிவிட்டது. சிறுமியாகக் கரிசல் மண்ணில் உச்சி வெயிலில் செருப்பில்லாமல் ஓடிய கால் இது. அந்த நம்பிக்கையில்தான் குடத்தைத் தூக்கினேன். பாதி வழியிலேயே உள்ளங்கால் எரிந்தது. செருப்பும் மொசைக் தரையும் பழகி, என் கால் என்னைக் கேட்காமலே இந்த நாட்டுக் காலாகிவிட்டிருந்தது. இவர் சாலையோரமாக என் கூடவே வந்தார், விளையாட்டுக் காலணியோடு, ஒரு கையில் குடை, மறு கையில் என் செருப்பு இருந்த பை. ஊர்வலத்துக்குப் பக்கத்தில் காலணியா என்று பலர் முறைத்தார்கள். உறுமி அடித்துக்கொண்டு வந்த ஓர் இளைஞன், "அண்ணே, சப்பாத்தக் கழட்டுங்கண்ணே" என்றான். இவர் நின்று, ஊரே கேட்கிற மாதிரி, "எனக்கு இனிப்பு நீர் தம்பி. கால்ல புண்ணு. கழட்டக் கூடாது" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. குடத்தைப் பிடித்திருந்ததால் துடைக்க முடியவில்லை.

கோயில் வாசலில் அவர் நின்றுவிட்டார். காலணியோடு உள்ளே வர முடியாது, கழற்றவும் முடியாது. அவருடைய ஊர், அவருடைய அம்மா கும்பிட்ட சாமி, அவர் பெயரில் பதிந்த குடம். தடுப்புக் கம்பிக்கு வெளியே நின்று அவர் தலைக்கு மேல் கைகூப்பினார். விமானத்தில் வந்து இறங்கிய நான் அவருடைய அக்காவின் சேலையில் உள்ளே போனேன். ஐயர் பாலை வாங்கிக்கொண்டு பெயர் கேட்டார். சேகர் என்றேன். நட்சத்திரம் கேட்டார். சொன்னேன். "ஒங்க பேரும்மா?" என்றார். சத்தத்தில் நான் சொன்னது அவருக்குக் கேட்டதா தெரியவில்லை. அதற்குள் வரிசை தள்ளியது.

வந்த வழியே திரும்ப விடவில்லை. கூட்டம் என்னைக் கோயிலின் பின்பக்க வழியாக வேறு தெருவில் கொண்டுபோய் விட்டது. தண்ணீர்ப் பந்தல், கரும்புச் சாற்றுக் கடை, முகம் தெரியாத ஜனம். என் செருப்பு முன்வாசலில் அவர் கையில் இருந்தது. கைப்பேசி அக்கா வீட்டில் இருந்தது. தார் கொதித்தது, பந்தல் நிழலில் நிற்க ஒரு சாண் இடமில்லை. எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அவர் என்னைத் தேடிக்கொண்டு வரட்டும் என்று அங்கேயே நின்றேன். இடது காலைத் தூக்கிக்கொண்டு வலது காலில் நின்றேன். அது சுட்டதும் வலது காலைத் தூக்கிக்கொண்டு இடது காலில் நின்றேன்.